விளம்பரத் தாளில் என் முகம்

கண்டியில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் விற்க வந்த கடையில் நான் டைப்பிஸ்ட். விளம்பரத் தாளுக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்கச் சிங்கள முதலாளிக்கு மனம் வரவில்லை. என்னையே பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார். படம் பிடிக்க வந்தவர் என் முகம் எடுபடவில்லை என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து சிரித்தேன். திறப்பு விழாவன்று வந்தவர் போனவர் கையிலெல்லாம் பளபளவென்று என் முகம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த கிழமையே கலவரம் தொடங்கியது. முதலில் கொழும்பு என்றார்கள்; பிறகு கண்டியிலும் தமிழர் கடைகளிலிருந்து புகை கிளம்பியது. முதலாளி கடையைப் பூட்டி, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். குழாயடியில் பொட்டை அழித்தேன். எங்கள் ஊருக்குப் போகும் மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் ஒடுங்கினேன். வாயைத் திறக்காவிட்டால் தமிழ்ப் பெண் என்று யாருக்கும் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முன்சீட்டில் ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். அவர் கையில் அந்த விளம்பரத் தாள். விசிற விசிறப் பெரிய பொட்டோடு நான் பல்லைக் காட்டினேன். பாவி, எதற்காக இப்படி இளித்தேன்!

கட்டுகஸ்தோட்டையில் தடி பொல்லுகளோடு நின்றவர்கள் பஸ்ஸை மறித்தார்கள். என் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பைக்குள்ளிருந்த சால்வையை எடுத்து என் தலையில் முக்காடு போட்டார்.

"பேசாம இரிங்க மகள்," என்று காதோடு சொன்னார்.

ஏறிவந்தவன் சிங்களத்தில், இது யார் என்று கேட்டான். தன் மகள், காய்ச்சல் என்று அவரும் சிங்களத்திலேயே சொன்னார். அவன் முன்சீட்டுக்காரரின் கையிலிருந்த தாளைப் பறித்தான். படத்தைப் பார்த்தான். இனித் திரும்பி என் முகத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் அந்தத் தாளால் விசிறிக்கொண்டே இறங்கிப்போனான்.

அந்த அம்மா மடவளையில் என்னைக் கையைப் பிடித்து இறக்கித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நிலைமை அடங்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

கடை மறுபடி திறந்தது. அடுத்த மாடல் கம்ப்யூட்டர் வந்ததும், புதிய விளம்பரத் தாளுக்குப் படம் எடுக்க முதலாளி கூப்பிட்டார். அதே வெளிச்சம், அதே கதிரை. பொட்டு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. நானே குழாயடிக்குப் போய்ப் பொட்டை அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.