வாயைப் பார்க்கும் முன் முப்பத்திரண்டு கேள்விகள்

இன்று விழுப்புரம் பக்கத்துக் காணை கிராமத்தில் பல் மருத்துவ முகாம். மாணவர்களை நடத்திச் சென்றது நான். தவறு நேர்ந்துவிடுமோ என்று பயந்து, முப்பத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்திருந்தேன். பல்லுக்கு ஒன்று.

நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில், வீங்கிய கன்னத்தோடு ஓர் அம்மாள் வந்தார்.

"எதால பல் விளக்குறீங்க?" என்று ஒரு மாணவி தொடங்கினாள்.

"வெரலால."

"தினம் எத்தனை தடவை?"

"ஏம்மா, ஏரியில அட்டெண்டன்ஸ் போட்டோ புடிச்சிடுவாங்க. ஜல்தியா பாரு."

மாணவி என்னைப் பார்த்தாள்.

"வரிசைப்படியே போவோமே," என்றேன்.

பதினோராவது கேள்வியில் அம்மாள் எழுந்துவிட்டார். "வாயப் பாக்கறேன்னு கூப்ட்டு வாயடிச்சிக்கினு இருக்கீங்களே சாரு!"

அந்த வீக்கத்தோடு அவர் போய்விட்டார். படிவத்தை மேசையிலேயே போட்டுவிட்டு, மாணவி டார்ச்சோடு பின்னால் ஓடினாள். "இரும்மா, முகாமை விட்டுப் போக அனுமதி வாங்கணும்..." என்று அவளிடம் கத்தியபடி நானும் ஓடினேன்.

ஏரிக்கரையில் போட்டோ முடிந்ததும் அம்மாள் வாயைத் திறந்தார். கடைவாயில் சீழ். "வேலை முடிஞ்சதும் உங்க வண்டியிலயே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்," என்றார். சொன்னபடி வந்தார்.

இப்போது மாணவிக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கிறேன். 'வழிநடத்துபவர் சொல்வதைக் கேட்டாரா?' என்று ஒரு கட்டம்.

'நல்லவேளை, இல்லை' என்று எழுதலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.