பவளத்தக்காவோட லோரி

கொழுந்து பறிக்கிற எங்க பவளத்தக்கா எழுபத்தெட்டாம் வருஷத்துல கம்பெனி முதலாளி ஆயிருச்சு. எஸ்டேட் ஆபிஸ்ல கணக்கெழுதுற கிராணி சாம்பசிவம்தான் தன் காய்கறி லோரி கம்பெனியை அக்கா பேர்ல எழுதிட்டு அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாரு. கிராணி வேற தொழில் பண்றது எஸ்டேட் துரைக்குத் தெரிஞ்சா அவர் வேலை போயிரும்லா!

உண்மையான முதலாளி யாருன்னு சொல்லணும்ங்கறது சட்டமாம். எங்க லயத்து வீடுங்க முன்னாடி கோஸ் ஏத்தின லோரி நிக்கிறப்ப விசாரிக்க ஆபிசர் வந்தாரு. கிராணியும் பக்கத்துலயே நின்னாரு.

சொல்லிக்கொடுத்தபடியே அக்கா, “என்னோடதுதான்யா”ன்னுச்சு.

“அப்ப நீங்க சொல்றதுதான் நடக்குமா?”ன்னாரு ஆபிசர்.

அக்காவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. “நடக்காம? டிரைவர், முட்டைக்கோஸையெல்லாம் எறக்கு! லயத்துப் பொம்பளைங்கல்லாம் ஏறுங்கடி! பக்கத்து எஸ்டேட் தீமிதிக்குப் போறோம்!”

நாங்க குலவை போட்டுக்கிட்டு ஏறினோம். கோஸெல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுச்சு.

கிராணி ஓடிவந்து லோரியை மறிச்சாரு. “எறங்குங்கடி! யார் லோரின்னு நெனச்சீங்க? என் லோரி!”

ஆபிசர் பேனாவைத் திறந்தாரு.

“உங்க பேரு என்னங்க ஐயா?”