டி-யில் இருந்த பட்டியல்

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம். அலுவலகத்து மண்ணெண்ணெய்க் கானில் பேனையால் கோடு போட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போவேன். அடுத்த நாள் எண்ணெய் அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றாலும் காவலாளியின் முகத்தை ஒருதரம் பார்ப்பேன். அவர் பாவம், தன் பாட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வன்னிக்குள் மண்ணெண்ணெய் வருவதே பெரும்பாடாக இருந்ததால், நான் செய்வது சரிதான் என்று நினைத்தேன்.

அலுவலகம் புதுக்குடியிருப்பில் இருந்தது. கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பங்களுக்கு வலையும் வள்ளமும் கிடைக்கச் செய்வதுதான் எங்கள் வேலை. இருந்தது ஒரேயொரு கொம்பியூட்டர். அதற்கு வைத்தியனும் நான்தான், காவற்காரனும் நான்தான். மின்சாரம் கிடையாது. காலையில் மூன்று மணித்தியாலம் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓடும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

தட்டச்சு வேலைக்கு ஒரு பெண் வந்தாள். நாயாற்றுக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இடம்பெயர்ந்து வந்தபின் தகப்பனுக்குக் கடலும் இல்லை, தொழிலும் இல்லை. கொட்டிலில் இருந்த ஏழு பேரும் அவளுடைய சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். எந்தக் குடும்பம் என்ன இழந்தது என்ற பட்டியலை நான்கு மாதமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்குப் பொறுப்பான எங்கள் இணைப்பாளரும் அதே மிஷினில்தான் கடிதம் எழுதுவார். கண்டபடி விசைகளைத் தட்டுகிறவர். ஒருநாள் பட்டியலையும் சேர்த்துத் துடைத்துவிடுவார் என்று எனக்குப் பயம். அதனால் அவள் அடிக்கத் தொடங்குமுன்பே எஃப்டிஸ்க் என்ற கட்டளையைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தேன். சி என்ற பங்கில் அவருடைய கடிதங்கள், டி என்ற பங்கில் அவளுடைய பட்டியல். டி-க்கு ஒரு பேரும் வைக்கலாம். என்ன வைப்போம் என்று அவளைக் கேட்டேன்.

"நாயாறு எண்டு வையுங்கோ, அண்ணை."

வைத்தேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். காரணம் இருந்தது. டிஸ்க்கை முழுதாக அழிக்கும் கட்டளை, அழிக்குமுன் அதன் பேரைக் கேட்கும். சரியான பேரை அடித்தால்தான் மேலே போகும். டிஸ்க்கில் உள்ளதைக் காட்டும் டிர் கட்டளையை அடித்தால் பேர் முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அலுவலகத்தில் டிர் அடிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

பழைய டிஸ்க் கறகறக்கத் தொடங்கியதும் இன்னொன்று கேட்டோம். மாதக் கணக்கில் ராணுவ அனுமதிக்கு அலைந்து, வவுனியாவிலிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஒருநாள் அவள் வேலை முடித்துப் போனபின் அதை மிஷினுக்குள் பழையதற்குப் பக்கத்தில் பொருத்திப் பூட்டினேன். மிஷின் அதைக் கண்டுகொண்டது. அதற்குள் அன்றைக்கு ஊற்றிய எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது. புது டிஸ்க் வேலி போடாத காணி மாதிரி, எஃப்டிஸ்க் போடும்வரை அதற்கு சி, டி மாதிரி எழுத்துக் கிடையாது என்பது என் நினைப்பு. பிறகு பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நான் போனபோது அவள் அரை மணித்தியாலம் முன்னதாகவே வந்து மிஷினைப் போட்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணை, டி-க்குள்ள ஒண்டுமில்லை."

அவளை எழுப்பிவிட்டுக் கதிரையில் இருந்து டிர் அடித்தேன். ஒரு கோப்புக்கூட இல்லை. பேரும் இல்லை. எனக்குக் காது சுட்டது. பேரும் போயிருந்தால் யாரோ முழுதாக அழித்திருக்க வேண்டும். அழிக்கப் பேர் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் நான். அவளுடைய தமையன் போன கிழமைதான் ராணுவத்தின் கையில் இருந்த வவுனியாவுக்குப் போயிருந்தான் என்பதும் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"பிள்ளை, நான் வர முதல் நீர் என்ன செய்தனீர்?"

"மிஷினைப் போட்டு டி-யைத் திறந்தனான். வேறை ஒண்டும் செய்யேல்லை."

"பேர் ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் தெரியும்தானே."

அந்தப் பதில்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நேரே போய், அவளைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்திருக்க முடியாது என்று இணைப்பாளரிடம் சொன்னேன். விஷயம் தெளியும்வரை வீட்டில் நிற்கும்படி அவர் அவளிடம் சொன்னார். அவள் சாப்பாட்டுப் பார்சலையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அதையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

அன்றோடு கானில் கிடந்த எண்ணெயும் முடிந்தது. மூன்று நாள் கழித்துத்தான் புதிதாக வந்தது. புது டிஸ்க்கைப் பிரிக்கலாம் என்று எஃப்டிஸ்க்கைப் போட்டேன். டிஸ்க் ஏற்கெனவே பிரித்துத்தான் இருக்கிறது என்றது மிஷின். கடையிலேயே யாரோ எல்லாம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். திரையில் முதலாவது டிஸ்க்குக்கு நேரே சி, ஈ என்று இருந்தது. இரண்டாவதற்கு நேரே டி. மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு டிஸ்க்கின் முதற் பங்குக்கும் எழுத்தைக் கொடுத்த பிறகுதான் மிச்சப் பங்குகளுக்கு மிஷின் எழுத்துக் கொடுக்கும் போலிருக்கிறது. இரண்டு டிஸ்க் உள்ள மிஷினை நான் எங்கே கண்டேன்? ஒன்று கிடைப்பதே வன்னியில் குதிரைக் கொம்பு. புதியது டி-யைப் பிடித்துக்கொள்ள, எங்கள் பழைய டி பேசாமல் ஈ ஆகிவிட்டது. ஈ-க்குப் போய் டிர் அடித்தேன். முதல் வரியில் நாயாறு. கீழே பட்டியல் முழுவதும் அப்படியே இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, ஒளிப்பானேன். பிறகுதான் அவளுடைய ஞாபகம் வந்தது.

"ஐயா, பட்டியல் கிடக்குது" என்று கத்தினேன். இணைப்பாளர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"கெட்டிக்காரன்! எப்பிடியோ மீட்டுப்போட்டீர்!"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். பின்னேரத்துக்குள் அலுவலகம் முழுக்க அதே கதை. எனக்குத் தேத்தண்ணீரும் வடையும் வேறு வாங்கித் தந்தார்கள். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். வாசலில் நின்றாள். இருக்கச் சொல்லவில்லை.

"பட்டியல் பத்திரமாக் கிடக்குது, பிள்ளை. நாளைக்கு வேலைக்கு வாரும்."

"நீங்கள் மீட்டதெண்டு கதைக்கினம்."

"ஓம், அப்பிடித்தான் சொல்லுகினம்."

"மீட்டதெண்டால், ஆரோ அழிச்சிருக்க வேணுமே, அண்ணை."

எழுத்து மாறிய கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்குச் சொன்னதை அங்கை போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு ஆளனுப்புங்கோ, வாறன்."

மறுநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, மிஷினைப் போட்டுத் திரையைக் காட்டினேன். பிழை என்னுடையது, அவள் எதிலும் கை வைக்கவில்லை என்றேன். இணைப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"உமக்கு இளகின மனம். அந்தக் குடும்பத்தைப் பாத்து இரக்கப்பட்டுப் பழியை நீர் ஏக்கிறீர். எனக்கு விளங்குது."

"இல்லை ஐயா, எழுத்துத்தான் மாறினது."

"அண்டைக்கு நீர்தானே அடிச்சுச் சொன்னனீர், அவாவைத் தவிர ஆராலையும் ஏலாதெண்டு?"

சொன்னது நான்தான். எவ்வளவோ விளக்கினேன். விளக்க விளக்க அவர் என்னையும் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு ஆளனுப்ப முடியவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கதிரைக்கு வேறொரு பெண் வந்தாள். டி எது, ஈ எது என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, முந்தி இருந்தவாதானே எல்லாத்தையும் அழிச்சவா?"

இல்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை.