அவள் கால் வைத்த மத்தியானம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், ராஜபாளையத்து மில் ஆபீசில் தபால் கட்டு ஒன்றைக் குனிந்து எடுத்தேன். நிமிர முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், டிஸ்க் விலகியிருக்கிறது, பலகையில் படுங்கள், உட்காருவதைக் குறையுங்கள் என்றார். குறைப்பதற்கு என்ன இருக்கிறது? உட்கார்ந்த மறுநிமிஷம் இடது காலில் நெருப்பு ஓடுகிறது.

அதன் பிறகு நின்றுகொண்டே எழுதினேன். நெஞ்சு உயரத்துக்கு ஒரு சன்னல் திட்டு. அதில் அட்டையை வைத்துப் பத்து நிமிஷம். பிறகு பலகை. மறுபடி பத்து நிமிஷம். மனசுக்குள் ஒரு பெரிய நாவல் குடும்பம் குடும்பமாக நடமாடிக்கொண்டிருந்தது. தாளில் இறங்கியதோ எட்டு வரி, பத்து வரி. என்னைக் கவிஞன் என்றார்கள். நிற்க முடிந்த நேரம் அவ்வளவுதான் என்று யாரிடம் சொல்ல? சலூனில், பஸ்ஸில், பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கினேன். எத்தனை அலட்சியமாக உட்காருகிறார்கள் மனிதர்கள்!

அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று என் வீட்டுக்குள்ளேயே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தது.

என் மனைவி காலால் பிறந்தவள். தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முந்திக் கால் வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர் இடது காலால் மூன்று தரம் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவில் யாருக்குப் பிடித்தாலும் எங்கள் முன்வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மில்லில் ஃபிட்டர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆறடி ஆள்.

"தங்கச்சி, பாத்து மிதிம்மா. நான் புள்ளகுட்டிக்காரன்."

சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மிதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எழுந்து, குனிந்து நிமிர்ந்து பார்த்து, காப்பியும் குடித்துவிட்டுப் போனார். நான் பலகையில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

"ஏட்டி, ஊரான் முதுகெல்லாம் மிதிக்கே. என் முதுகு என்ன செஞ்சுது?"

"அவிய எனக்குப் புருசனா? உங்க மேல கால வச்சா பாவம்லா."

"நான்தான மிதிங்கேன். பாவம் எனக்கு வரட்டும்."

"நீங்க நெனச்சா அடிச்சு மாத்தி எழுத, இது என்ன உங்க கவிதையா?"

கையால் எதுவும் செய்வாள். தைலம் தேய்ப்பாள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள், சட்டை மாட்டிவிடுவாள். கால் மட்டும் கிடையாது. நான் தரையில் கிடந்தால் சுவரை ஒட்டிச் சுற்றிப் போவாள். மிதித்தால் டிஸ்க் உள்ளே போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டியிருந்தது. அவள் முழுப் பாரமும் ஒரே ஒரு தரம் என் மேல் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் கம்பியைப் பிடித்து நின்றே போனேன். அங்கே கயிறும் வாளியும் விற்கிற பாய் ஒருவர், அவரும் காலால் பிறந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏம்மா, மருந்த வீட்டுல வச்சிக்கிட்டு எதுக்கு பஸ் ஏறி வந்திய?"

"நான் எப்படிண்ணே மிதிக்க?"

"அதுவும் சரிதான். மாப்ளே, படும்."

தேங்காய் நார்க் கயிற்றுக் குவியல் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து மிதித்தார். நல்ல மனுஷர். இதமாகத்தான் இருந்தது. ஆனால் அது பாயின் கால்.

தொண்ணூறுகள் தொடங்கிய ஒரு கோடையில், வீம்புக்கு நாற்காலியில் உட்கார்ந்து நாவலை ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முடியவில்லை. எழ முயன்று அப்படியே தரையில் சரிந்தேன். வலியில் அழுதேனா, வெறும் தாளைப் பார்த்து அழுதேனா, தெரியாது. அடுப்படியிலிருந்து வந்தவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் அழுது அவள் பார்த்ததில்லை.

போய் வாசல் கதவைத் தாழிட்டாள். புழக்கடையில் தண்ணீர் விழும் சத்தம். திரும்பி வந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கிடுங்க."

ஈரக்கால். கழுவிவிட்டு வந்திருக்கிறாள். முதல் மிதி, ஒரு இலை விழுந்ததுபோல. இரண்டாவதில் மெட்டியின் விளிம்பு தெரிந்தது. அம்மி மேல் வைத்து நான் போட்டுவிட்ட மெட்டி. மூன்றாவதில் அவள் தயங்கினாள். பிறகு இறங்கினாள், முழுசாக. சமையல், நடை, பொறுமை, என் எழுத்தினால் அவளுக்கு இல்லாமல் போன சாயங்காலங்கள், எல்லாப் பாரமும் என் இடுப்பில் நின்றது. செத்த நேரம்தான்.

"விட்டுருச்சா?" காலை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

வலி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் எனக்காக ஒரு பாவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"விட்டுருச்சுட்டி."

சாயங்காலத்துக்குள் அவளே சொல்லித் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஃபிட்டர் வந்து, "என்ன மச்சான், தங்கச்சி கால் பட்டதும் எந்திரிச்சிட்டீராமே! இம்புட்டு நாளும் வேசமா?" என்றார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

குணமானவன் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். காலில் நெருப்பு ஓட ஓட, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினேன். முனகலை விழுங்கப் பழகினேன். வலி தானாகத் தணிய வருஷங்கள் ஆயின. அதற்குள் நாவல் முடிந்துவிட்டது. கேட்பவர்களிடம் அது அவள் கால் விசேஷம் என்கிறேன். பொய்யும் இல்லை.

ஆனால் இன்னொரு தரம் மிதி என்று எந்த வாயால் கேட்பேன்? இடுப்புப் பிடித்தவனுக்குத்தானே மிதி. இப்போதும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வருவார்கள். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மிதிப்பாள். நான் மேஜையில் பேனாவை நிறுத்தி, மூன்றுவரை எண்ணிவிட்டு, மறுபடியும் எழுதத் தொடங்குகிறேன்.