தராசு முள் இறங்கிய நாள்

நிறையைக் குறைக்காவிட்டால் சீனி வருத்தம் வரும் என்று டாக்டர் சொன்னதால், தினமும் விடியற்காலையில் சுபஹு தொழுதபின் தில்லையடியிலிருந்து உப்பளப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். ஆறு வாரமாகியும் பயனில்லை. அரைக் கிலோ கூடியிருந்தது. தராசு பிழை என்று மருந்துக்கடைக்காரரோடு சண்டையும் பிடித்தேன். பிறகு இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு மடங்கு தூரம் நடந்தேன். நான்காம் நாள் உப்பள வரம்பில் மயங்கி விழுந்த என்னை, உப்பு வாரும் பெண்கள்தான் ஆசுபத்திரியில் சேர்த்தார்கள்.

"நடக்கத் தொடங்கினா முதல்ல தசை கூடும் ராத்தா, உடம்பு தண்ணியையும் பிடிச்சி வெச்சிக்கும். நிறை மெல்லத்தான் இறங்கும்," என்றார் தாதி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "தொண்ணூறுல சண்டைக்குள்ள இயக்கக்காரங்க முஸ்லிம்கள எல்லாம் ஊரை விட்டு வெரட்டினப்ப, முசலியிலேருந்து இந்தத் தில்லையடிக்கு காட்டால நடந்துதானே வந்தோம்? ஏழே நாள்ல எலும்பாப் போனேனே!"

தாதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது நடந்ததால இல்ல ராத்தா. பட்டினியால."

இத்தனை வருடமாக எனக்கு அது விளங்கவில்லை.

இப்போதும் நடக்கிறேன். ஆனால் ஒரு வேளையும் பட்டினி கிடப்பதில்லை. மாதம் ஒருமுறைதான் தராசில் ஏறுகிறேன். போன மாதம் முள் ஒரு கிலோ இறங்கியிருந்தது. கூட வந்த மகள் கைதட்டினாள். நான் வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய், அரிசி இருக்கிறதா என்று வாளியைத் திறந்து பார்த்தேன்.