சாமிக்குக் கறந்த பால்

அந்தக் காலத்தில் எங்களுக்கு மாடுதான் பிழைப்பு. தலைச்சோலைக்குக் கீழே, வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட் ஓரமாகப் பட்டி அடைத்திருந்தோம். அவர் காப்பிச் செடிக்கு எரு எங்கள் பட்டியிலிருந்து போகும்.

நான் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம், எங்கள் மலை வழக்கப்படி ஊராரிடம் சொல்லிவிட்டு, மாரமங்கலத்தில் வேறொருவரோடு வாழப் போனவள். அந்த மனிதர் காய்ச்சலில் போய்விட, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம், ஊர் தடுக்காது. அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பயம்.

சுனையில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனம்மிணி, போன மாடு பட்டிக்குத் திரும்பிருச்சாட்ட இருக்குது. கவுறு பத்திரமா வெச்சிருக்கறயா?"

சிரித்து வைத்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் மாடு கறுப்பி கன்று போட்டது. கறுப்பியைக் கன்றிலிருந்து வளர்த்தவள் அந்த மூத்தவள்தான். சீம்பால் தீர்ந்து, பால் தெளிந்ததும், முதல் கறவை மலைமேல் சேர்வராயன் சாமிக்குப் போக வேண்டும். வீட்டுக்காரி தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு கறப்பது எங்கள் வீட்டு முறை.

காலையில் சாமியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சொம்பின் அடி நனைந்ததோடு கறுப்பி பாலை அடக்கிக்கொண்டு உதைத்தது. கன்றைப் பார்க்க வந்தவள்போல் அவள் பட்டிப் படலருகே நின்றிருந்தாள்.

"அதுக்கு மடி கூசுது தங்கச்சி. தள்ளிக்க, நாங் கறக்கறேன்."

வேறொரு சொம்பை எடுத்து உட்கார்ந்தாள். நுரை பொங்க நிறைந்தது.

"நொம்ப நாளாச்சு. ஆனாலும் என்ற கைய மறக்கல, பாருங்க" என்றாள். என்னிடம் அல்ல, கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரிடம்.

அவர் சிரித்தார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. ஈரச்சேலைக்குள் உடம்பு கொதித்தது. சாமி பால் கறக்கும் இடத்தில் வாயில் கெட்ட சொல் வரக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து என் சொம்பை எடுத்தார்.

"ஏனுங்க, அந்தச் சொம்பு நெறஞ்சு கெடக்குதுங்களே" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"அது ஊட்டுச் செலவுக்கு. சாமிக்கு ஊட்டுக்காரி கறந்ததுதான் போவும்." அவள் பக்கம் திரும்பி, "உங்கண்ணன் ஊட்டுக்கும் கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போ" என்றார்.

அவள் முகம் சுண்டிப்போனது. "இருக்கட்டுங்க" என்று சொல்லி, பால் வாங்காமல் இறங்கிப் போனாள். அவளும் எதற்கோ காத்திருந்திருக்கிறாள். பதில் கிடைத்துவிட்டது.

கையளவு பாலோடு அவர் மலையேறினார். அதோடு என் மனம் ஆறியிருக்க வேண்டும், சாமி கொடுத்தது அது. ஆனால் கறுப்பி அவள் போன தடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. அவள் கறந்த பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தேன். நான் தொடவில்லை.

கன்று பால் மறந்ததும், கறுப்பியை விற்றுவிடச் சொன்னேன். நல்ல கறவை மாடு. அவர் ஏன் என்று கேட்காமல் சந்தைக்கு ஓட்டிப் போனார்.