பேராதனையில் ஒரே குடை

போன மாதம் ஒரு ஞாயிறு, கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு கண்டியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு பஸ் ஏறினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் வெளியே போனது அன்றுதான். மகாவலி ஆற்றங்கரையில், வெள்ளைக்காரன் காலத்து மாரா மரத்தடியில் உட்கார்ந்தோம். தூறல் விழுந்தது. இருந்தது ஒரே குடை, நெருங்கி உட்கார்ந்தோம்.

வாக்கிங் வந்த ஒரு பெரிய மனிதர் எதிரே நின்றார்.

"இந்த வயசுல வெட்கமா இல்ல? வீட்டுல தெரியுமா?"

"இது என் சம்சாரம்ங்க," என்றேன்.

"புருஷன் பொண்டாட்டி எங்கயாவது இப்படி ஒட்டிக்கிட்டு உட்காருவாங்களா?"

மனைவி தாலியை எடுத்துக் காட்டினாள்.

"அது யாரு கட்டினதோ!" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் மனைவியை விசாரிக்க இவர் யார்? "எழும்பு, போவோம்" என்று சொல்லி, வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். தலை நனைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் குடையோடு அங்கேயே நின்றாள்.

"ஏங்க, இப்படித் தள்ளித் தள்ளி நடந்து, அந்த ஆளு சொன்னது சரின்னு காட்டப் போறீங்களா?"

திரும்பிப் போய்க் குடைக்குள் நின்றேன். அந்த மனிதரை இன்னொரு தடவை கண்டால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். அன்று மட்டும் பஸ் நிறுத்தம் வரை அவளோடு சேர்ந்தே நடந்தேன்.